யாருக்கு எத்தனை வரி? தேசியக் கலைக்களஞ்சியங்கள் உருவாகும் விதம்

இத்தாலியத் திரைப்பட இயக்குநர் மைக்கேலாஞ்சலோ அன்டோனியோனி 2007-ஆம் ஆண்டு இறந்தார். உலகத் திரைப்பட வரலாற்றை யார் எழுதினாலும் அவரை விட்டுவிட்டு எழுத முடியாது. ஆனால் இத்தாலியர்களின் வாழ்க்கை வரலாற்று அகராதியின் 100 அச்சுத் தொகுதிகளில் அவருக்கென்று ஒரு பதிவு கிடையாது. ஏறத்தாழ 40,000 பேருக்கு இடம் தந்த நூல் அது. அவர்மீது யாருக்கும் பகை இல்லை. இறந்தவர்களை மட்டுமே சேர்ப்பது என்று ஒரு விதி. அகர வரிசையில் அச்சிட்டுக்கொண்டே போவது என்று இன்னொரு விதி. முதல் தொகுதி 1960-இல் வந்தது. 1962-இல் ‘ஏ’ எழுத்து முடிந்துவிட்டது. அன்டோனியோனி அப்போது புகழின் உச்சியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். விட்டுப்போனவர்களுக்காக 1988-இல் ஒரு துணைத் தொகுதி வந்தது. அப்போதும் அவர் உயிரோடுதான் இருந்தார். கடைசித் தொகுதி 2020-இல் வெளிவந்தது. அவருடைய பெயர் ‘வி’யிலோ ‘இசட்’டிலோ தொடங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஒரு நாட்டின் நினைவில் நிலைக்க என்ன தகுதி வேண்டும் என்று கேட்டால் அறிவு, தொண்டு, வீரம் என்று அடுக்குவோம். பெயரின் முதல் எழுத்தை யாரும் சொல்ல மாட்டோம். கலைக்களஞ்சியத் தொழிலில் இருந்தவர்களுக்கு மட்டும் அது தெரியும்.

தேசியக் கலைக்களஞ்சியம் என்று பொதுவாகச் சொல்லும்போது இரண்டு வகை நூல்கள் அதில் அடங்குகின்றன. எல்லாத் துறை அறிவையும் தன் மொழியில், தன் நாட்டுக்கு முதலிடம் கொடுத்துத் தொகுக்கும் பொதுக் கலைக்களஞ்சியம் ஒன்று. அந்நாட்டின் மனிதர்களை மட்டும் ஒருவர் பின் ஒருவராகப் பதிவு செய்யும் வாழ்க்கை வரலாற்று அகராதி மற்றொன்று. இரண்டுக்கும் அடித்தளம், எழுத்து வேலை தொடங்கும் முன்பே தயாராகும் ஒரு பட்டியல். யாருக்குப் பதிவு உண்டு, ஒவ்வொருவருக்கும் எத்தனை சொற்கள், எழுதப்போவது யார் என்பதெல்லாம் அதில் முடிவாகிவிடும். நூல் வெளிவந்த பிறகு அறிஞர்கள் கட்டுரைகளின் மீது சண்டை பிடிக்கிறார்கள். பட்டியலைப் பற்றிய சண்டை குறைவு. பிழையான கட்டுரையாவது கண்ணுக்குத் தெரியும். பட்டியலில் ஏறாதவர் விட்டுப்போனார் என்பதே தெரிவதில்லை.

பட்டியலை ஊருக்கு முன்னால் விரித்துக் காட்டியவர்களும் உண்டு. லண்டன் பதிப்பாளர் ஜார்ஜ் ஸ்மித்தும் ஆசிரியர் லெஸ்லி ஸ்டீபனும் 1880களில் பிரிட்டனின் தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதியைத் தொடங்கியபோது, அடுத்து வரவிருக்கும் பெயர்களை ‘அதீனியம்’ என்ற வார இதழில் அச்சிட்டு, விட்டுப்போனவர்களைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். முதல் தொகுதி 1885-இல் வந்தது. 1900-க்குள் 63 தொகுதிகள், 29,000-க்கும் மேற்பட்ட வாழ்க்கைகள். இந்த வேகத்தை நம்பக்கூட முடியவில்லை. ஸ்டீபனின் உடல்நலம் இடையில் கெட்டது. 1891-இல் சிட்னி லீ பொறுப்பேற்றார். பணம் போட்ட ஸ்மித்துக்குப் பெரும் நஷ்டம். புகழுரை கூடாது, பிறப்பு, படிப்பு, பணி, இறப்பு என்று நேராகச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பது ஆசிரியர் குழுவின் கட்டளை. மரண அறிவிப்புகளில் ‘மலர்கள் வேண்டாம்’ என்று போடுவார்களே, அதுதான் இந்த நூலின் நடை என்று எழுத்தாளர்களில் ஒருவர் விருந்து ஒன்றில் சொன்னாராம்.

அவ்வளவு பேரிடம் கேட்டும் எவ்வளவு விட்டுப்போனது என்பது 1993-இல் தெரிந்தது. ‘காணாமற்போனவர்கள்’ என்ற பெயரிலேயே ஒரு துணைத் தொகுதி வெளியாயிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இருந்தன. கவிஞர் ஜெரார்ட் மான்லி ஹாப்கின்ஸ் அவர்களுள் ஒருவர். அவர் இறந்தது 1889-இல். கவிதைகள் நூலாக வந்ததோ 1918-இல். அகராதி ‘எச்’ எழுத்தைக் கடந்தபோது அவர் பெயர் அறியாத ஒரு பாதிரியார், அவ்வளவுதான். இதில் ஆசிரியர்களைக் குறை சொல்வதற்கு ஒன்றும் இல்லை. சமகாலம் யாரை அறிந்திருந்தது என்பதைத்தான் எந்தக் கலைக்களஞ்சியமும் பதிவு செய்ய முடியும்.

பெண்களின் கதை வேறு. அங்கே அறியாமையைச் சாக்காகச் சொல்ல முடியாது. பெண் உரிமைக்காக எழுதிய மேரி வுல்ஸ்டன்கிராஃப்டை முதல் பதிப்பில் அவருடைய சொந்தப் பெயரில் தேடினால் கிடைக்க மாட்டார். கணவர் காட்வினின் பெயரின் கீழ் இருப்பார். வாழ்வின் கடைசி சில மாதங்கள் மட்டுமே அவர் மணமானவராக இருந்தார். எழுதியதெல்லாம் வுல்ஸ்டன்கிராஃப்ட் என்ற பெயரில்தான். ‘காண்க’ என்ற ஒரு சிறு குறுக்குக் குறிப்பு ஒருவரை இன்னொருவரின் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. 2004-இல் 60 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு புதுப் பதிப்பில் கிட்டத்தட்ட 55,000 பேர் இருக்கிறார்கள். பெண்கள் பத்தில் ஒரு பங்குதான். அதுவே பெரிய முன்னேற்றமாகப் பேசப்பட்டது.

அகர வரிசைச் சிக்கலுக்கு அழகான தீர்வு கண்டவர்கள் கனடாக்காரர்கள். டொரொண்டோவில் பறவைத் தீவனம் விற்றுப் பணம் சேர்த்த ஜேம்ஸ் நிக்கல்சன் என்ற வணிகர், பிரிட்டனில் உள்ளதுபோல் கனடாவுக்கும் ஒரு வாழ்க்கை வரலாற்று அகராதி வேண்டும் என்று தன் சொத்தை எழுதிவைத்துவிட்டு 1952-இல் இறந்தார். 1959-இல் டொரொண்டோ பல்கலைக்கழகம் வேலையைத் தொடங்கியது. கியூபெக்கின் லவால் பல்கலைக்கழகம் பின்னர் சேர்ந்துகொண்டது. பெயரின் முதல் எழுத்தை விட்டுவிட்டு இறந்த ஆண்டைப் பிடித்தார்கள். 1966-இல் வெளிவந்த முதல் தொகுதியில் 1000 முதல் 1700 வரை இறந்தவர்கள் மட்டும். ஒரு தொகுதியைத் திறந்தால் ஒரு காலகட்டத்து மனிதர்கள் அனைவரும் அடுத்தடுத்து நிற்கிறார்கள்: ஆளுநர், மறைப்பணியாளர், தோல் வணிகர், பூர்வகுடித் தலைவர். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஒரே நேரத்தில், ஒரே உள்ளடக்கத்தோடு வெளியிடுவது என்பதும் முதலிலேயே முடிவான ஒன்று. இரு மொழியினர் ஒரே வரலாற்றை ஒரே சொற்களில் படிக்க வேண்டும் என்பது எவ்வளவு கடினமான நிபந்தனை என்பதை மொழிச் சண்டை பார்த்த எந்த நாட்டவரும் ஊகிக்கலாம்.

தமிழில் இந்த வேலைக்குத் தனிச் சிக்கல்கள் உண்டு. ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910-இல் வந்தது. புராண மாந்தரும் புலவரும் மன்னரும் அதில் ஒரே வரிசையில் நிற்பார்கள். தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு வெளியிட்ட கலைக்களஞ்சியம் 1954-இல் தொடங்கி 1968-இல் பத்தாம் தொகுதியோடு நிறைந்தது. கலைச்சொற்களைப் படைத்துக்கொண்டே கட்டுரை எழுத வேண்டிய நிலை அது என்பதைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். அதைவிடச் சின்னதாகத் தோன்றும் ஒரு தொல்லையைப் பற்றிப் பேசுவோர் குறைவு: வரிசை. லண்டனை ‘ல’வில் தேடுவதா, ‘இ’யில் தேடுவதா? பெர்லினும் பெரு நாடும் ஒரே ‘பெ’வில் வந்து நெருக்கியடிக்கின்றன. குடும்பப்பெயர் இல்லாத மரபில், சி. வி. இராமன் ‘சி’யா, ‘இ’யா, ‘ரா’வா? ஐரோப்பியர் உருவாக்கிய அகராதி வடிவம் ஒவ்வொரு மனிதருக்கும் குடும்பப்பெயர் ஒன்று இருக்கும் என்று எடுத்துக்கொண்டு பிறந்தது. ஐஸ்லாந்துக்காரர்களுக்கும் இதே பாடுதான். அவர்கள் தொலைபேசிப் புத்தகத்தைக்கூட இயற்பெயரால்தான் வரிசைப்படுத்தினார்கள்.

நாடு வருமுன் வந்த நூல்

நாடு இருந்தால்தான் தேசியக் கலைக்களஞ்சியம் இருக்க முடியும் என்று நினைப்பது இயல்பு. செக் மொழியின் ஓட்டோ கலைக்களஞ்சியம் இதை மறுக்கிறது. ப்ராக் நகரப் பதிப்பாளர் யான் ஓட்டோ 1888 முதல் 1909 வரை 28 தொகுதிகளில் அதை வெளியிட்டார். செக் மக்களுக்கு அப்போது தனி நாடு இல்லை. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் குடிகள் அவர்கள். செக்கோஸ்லோவாக்கியா பிறந்தது 1918-இல். அளவிலும் தரத்திலும் பெரிய நாடுகளின் கலைக்களஞ்சியங்களோடு ஒப்பிடத்தக்க ஒரு நூலை அரசோ படையோ இல்லாத ஒரு மக்கள் செய்து முடித்திருந்தார்கள்.

இந்த நூலின் தொடக்கக் கதை எனக்கு மிகப் பிடித்தமானது. முதலில் ஆசிரியர் பொறுப்பை ஏற்றுத் திட்டம் வகுத்தவர் தோமாஷ் மசாரிக் என்ற பேராசிரியர். அதே நேரத்தில் வேறொரு பிரச்சினை வெடித்தது. 1817-லும் 1818-லும் ‘கண்டெடுக்கப்பட்ட’ இரண்டு கையெழுத்துச் சுவடிகள் செக் இலக்கியத்தின் தொன்மைக்குச் சான்றாகக் கொண்டாடப்பட்டு வந்தன. அவை போலி என்று மொழியியலாளர் யான் கெபாவர் வாதிட்டார். மசாரிக் 1886-இல் தான் நடத்திய இதழில் அதற்கு இடம் தந்து, தானும் சேர்ந்து வாதாடினார். நாடே கொதித்தது. துரோகி என்றார்கள். கலைக்களஞ்சியப் பொறுப்பிலிருந்து அவர் விலக வேண்டியதாயிற்று. தேசத்தின் பெருமைக்காக ஒரு நூல்; அந்தப் பெருமைக்குப் பொய்ச் சான்று வேண்டாம் என்றவர் அந்த நூலிலிருந்து வெளியே. சுவடிகள் போலிதான் என்பது இன்று அறிஞர்களின் பொது முடிவு. 1918-இல் உருவான செக்கோஸ்லோவாக்கியாவின் முதல் குடியரசுத் தலைவரானவர் இதே மசாரிக்.

இதற்கு நேர் எதிரானது யூகோஸ்லாவியா. அங்கே நாடு இருந்தது. நூல் முடிவதற்குள் நாடு போய்விட்டது. எழுத்தாளர் மிரோஸ்லாவ் க்ர்லேஜா 1950-இல் குரோவாசியாவின் ஸாக்ரெப் நகரில் தொடங்கிய நிறுவனம், யூகோஸ்லாவியக் கலைக்களஞ்சியத்தின் முதல் பதிப்பை 1955 முதல் 1971 வரை எட்டுத் தொகுதிகளில் முடித்தது. இரண்டாம் பதிப்பு 1980-இல் தொடங்கியது. பல குடியரசுகள் சேர்ந்த அந்தக் கூட்டாட்சியின் பல மொழிகளிலும் அது இணையாக வெளிவர வேண்டும் என்பது திட்டம். எந்த மன்னன் எந்த இனத்தவன், எந்தத் துறவி எந்தத் திருச்சபையைச் சேர்ந்தவர் என்பதெல்லாம் குடியரசுகளுக்கு இடையே வழக்காக மாறும் நாடு அது. ஒவ்வொரு பதிவும் ஓர் ஒப்பந்தம்போல. ஆறாம் தொகுதி 1990-இல் வந்தது. அடுத்த ஆண்டு நாடு உடையத் தொடங்கியது. ஏழாம் தொகுதி வரவே இல்லை. அதே நிறுவனம், நிறுவியவரின் பெயரோடு, இன்று குரோவாசியாவின் கலைக்களஞ்சியத்தை வெளியிடுகிறது.

உக்ரைனுக்கோ ஒரே காலத்தில் இரண்டு நினைவுகள். புலம்பெயர்ந்த அறிஞர்கள், புவியியலாளர் வொலோதிமிர் குபியோவிச்சின் தலைமையில், 1940களின் இறுதியிலிருந்து உக்ரைன் பற்றிய கலைக்களஞ்சியத்தைத் தொகுத்தார்கள். பின்னாளில் அந்தப் பணி பாரிஸை அடுத்த சார்செல் என்ற ஊரிலிருந்து நடந்தது. கீவ் நகரில் சோவியத் அரசின் ஆதரவோடு உக்ரேனிய சோவியத் கலைக்களஞ்சியம் 1959 முதல் 1965 வரை 17 தொகுதிகளாக வந்தது. ஒரு நூலில் நாயகனாக இருப்பவர் மற்றொன்றில் பகைவனாக இருப்பார், அல்லது இருக்கவே மாட்டார். சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு வெளிநாட்டில் உருவான அந்த நூலை 1993 முதல் லிவிவ் நகரில் மறு அச்சு செய்தார்கள். அகதிகளின் பட்டியல் நாட்டுக்குத் திரும்பி வந்தது.

இன்னார் நம்மவர் என்று முடிவு செய்வதிலும் விதிக்கு விதி வேறுபாடு. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் ஜார்ஜ் வாஷிங்டன் உண்டு, காந்தியும் உண்டு. பிரிட்டனின் வரலாற்றைப் பாதித்தவர்கள் என்பது அவர்கள் சொல்லும் காரணம். எதிர்த்து நின்றவரையும் குடும்பப் படத்தில் சேர்த்துக்கொள்ளும் பெருந்தன்மை என்று இதை எடுத்துக்கொள்ளலாம். பேரரசின் பழைய பழக்கம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். நான் பாதிப் பாதி.

அரசின் கை, அச்சகத்தின் கணக்கு

அரசு நேரடியாகக் கை வைத்த இடங்களைப் பற்றிய கதைகள் பரவலாகத் தெரிந்தவை. இத்தாலியின் ட்ரெக்கானி கலைக்களஞ்சியம் 1929 முதல் 1937 வரை 35 தொகுதிகளில் வந்தது. 1932-இல் வெளிவந்த 14-ஆம் தொகுதியில் ‘பாசிசம்’ பற்றிய பதிவுக்கு முசோலினியே கையொப்பமிட்டார். அதன் தத்துவப் பகுதியை எழுதியவர் தலைமை ஆசிரியர் ஜொவான்னி ஜென்ட்டிலே. ஆனால் அதே ஜென்ட்டிலே, பாசிசத்தை ஏற்காத அறிஞர்களுக்கும் நூலில் வேலை கொடுத்தார். 1931-இல் பேராசிரியர்கள் ஆட்சிக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றபோது மறுத்துப் பதவி இழந்தவர்களில் ஒருவர் கீழைத்தேயவியல் அறிஞர் ஜோர்ஜோ லேவி தெல்லா வீதா. கலைக்களஞ்சியத்தில் அவர் தொடர்ந்து எழுதினார். ஆகவே அந்த 35 தொகுதிகளையும் பிரச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு பதிவு முழுப் பொய்யாகவும் பக்கத்துப் பதிவு அத்துறையின் சிறந்த கட்டுரையாகவும் இருக்கக்கூடும்.

பெரிய சோவியத் கலைக்களஞ்சியத்தின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டாம் பதிப்பின் ஐந்தாம் தொகுதி 1950-இல் வந்தபோது, ரகசியக் காவல்துறைத் தலைவராக இருந்த லவ்ரேந்தி பேரியாவுக்கு முழுப்பக்கப் படத்தோடு நீண்ட பதிவு இருந்தது. 1953-இல் அவர் கைதாகிச் சுட்டுக் கொல்லப்பட்டார். 1954-இல் சந்தாதாரர்களுக்குப் புதிய தாள்கள் வந்தன: இன்ன பக்கங்களைக் கத்தரிக்கோலாலோ சவரக் கத்தியாலோ வெட்டி எடுத்துவிட்டு இவற்றை ஒட்டிக்கொள்ளுங்கள். இதைச் சிரிப்புக் கதையாகச் சொல்லி நிறுத்திவிடுவது வழக்கம். எனக்கு அந்தப் புதிய தாள்களில் என்ன இருந்தது என்பதுதான் சுவை. பேரிங் கடல் படங்களோடு விரிந்தது. தத்துவஞானி பெர்க்லிக்கு இடம் கூடியது. பெர்ஹோல்ஸ் என்ற 18-ஆம் நூற்றாண்டு அரண்மனைப் பிரபுவுக்குத் திடீர் அதிர்ஷ்டம் அடித்தது. அந்தக் காலியிடத்தை நிரப்ப ‘பெ’வில் தொடங்கும் பெயர்கள்தான் வேண்டும், பக்க எண்ணும் மாறக் கூடாது. ஆளையே இல்லாமல் செய்துவிட முடிந்த அரசுக்கு அகர வரிசையை மீறும் வழி தெரியவில்லை.

இணையத்தில் பக்கக் கணக்கு இல்லை, கத்தரிக்கோலும் இல்லை. வங்கதேசத்தின் பங்களாபீடியா 2003-இல் வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் பத்துப் பத்துத் தொகுதிகளாக அச்சில் வந்து, பின் இணையத்துக்குப் போனது. நியூசிலாந்தின் ‘தே ஆரா’ 2005-இல் இணையத்திலேயே பிறந்தது. அது அகர வரிசையை விட்டுவிட்டுக் குடியேற்றம், கடல், காடு என்று பொருள்வாரியாகப் பிரித்துக்கொண்டது. லாட்வியா தன் நூற்றாண்டு விழாவையொட்டி 2018-இல் இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றைத் திறந்தது. நார்வேயின் பெரிய கலைக்களஞ்சியம் விக்கிப்பீடியாவின் போட்டியில் விற்பனை இழந்து, பதிப்பகத்தால் கைவிடப்பட்டு, அறக்கட்டளைகளாலும் பின்னர் பல்கலைக்கழகங்களாலும் காப்பாற்றப்பட்டது. அதன் துறைகளுக்குப் பெயர் சொல்லிப் பொறுப்பேற்கும் நிபுணர்கள் இருக்கிறார்கள். சிறிய மொழி ஒன்றில் இந்த வேலையைச் சந்தையிடம் விட்டால் நடக்காது என்று அவர்கள் ஒப்புக்கொண்டது நேர்மையான செயல் என்று நினைக்கிறேன்.

பக்கக் கணக்கு போனாலும் பட்டியல் போகவில்லை. விக்கிப்பீடியாவில் அதற்குக் ‘குறிப்பிடத்தக்கமை’ என்று பெயர். ஒருவரைப் பற்றி அவரோடு தொடர்பில்லாத நம்பகமான வெளியீடுகள் ஏற்கெனவே எழுதியிருக்க வேண்டும். கனடிய இயற்பியலாளர் டோனா ஸ்டிரிக்லண்டைப் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு 2018 மே மாதம் ஒருவர் அனுப்பிய வரைவு, போதிய சான்று இல்லை என்று திருப்பப்பட்டது. அவரும் அவருடைய ஆசிரியர் ஜெரார் மூரூவும், பின்னாளில் நோபல் பரிசு பெற்றுத்தந்த, லேசர் துடிப்புகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டது 1985-இல். மூரூவுக்குப் பதிவு முன்பே இருந்தது. 2018 அக்டோபர் 2-ஆம் நாள் இருவருக்கும் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அன்றுதான் ஸ்டிரிக்லண்டுக்குப் பதிவு எழுந்தது. திருப்பி அனுப்பியவர் விதிப்படிதான் செய்தார். பழைய பட்டியல்கள் யாரை விட்டுவிட்டனவோ, அவர்களைப் பற்றிய சான்றையும் பழைய பட்டியல்களிடமே கேட்கும் விதி அது.

ஸ்வீடனில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. அந்நாட்டின் வாழ்க்கை வரலாற்று அகராதி 1917-இல் தொடங்கியது. நூறாண்டு கழித்தும் ‘எஸ்’ எழுத்தைத் தாண்டவில்லை. அதில் பெண்கள் மிகச் சிலர். பழைய நூல் ‘ஏ’வுக்குத் திரும்பி வரும்வரை காத்திருக்க முடியாது என்று, பெண்களுக்கு மட்டுமான ஓர் இணைய அகராதியை கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி, 2018-இல் ஆயிரம் பெண்களோடு திறந்தார்கள். துறைவாரியாக நிபுணர்கள் கையொப்பமிட்டு எழுதிய பதிவுகள், ஸ்வீடிஷ், ஆங்கிலம் இரண்டிலும். விக்கிப்பீடியா கேட்கும் ‘நம்பகமான, தொடர்பில்லாத வெளியீடு’ என்ற தகுதிக்கு அவை அப்படியே பொருந்தின. இன்று அந்தப் பெண்களைப் பற்றிப் பல மொழிகளில் உள்ள விக்கிப்பீடியாக் கட்டுரைகளின் அடிக்குறிப்புகளுக்குப் போனால், அந்த அகராதியின் பெயர் இருக்கிறது.